முகம் கறுத்த பிளக்

கிராண்ட்பாஸில் எமது வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருப்பவர் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி. காலையில் அயலிலுள்ள ஐந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதே அவருடைய நிலையான வருமானம். வண்டியோ ‘டூ ஸ்ட்ரோக்’ என்று வழங்கும் ஈரடிப்பு எஞ்சின் பூட்டிய பழையது. புகையின் காரணமாக 2008ஆம் ஆண்டு முதல் இவ்வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகையால் இருப்பதைப் பேணித்தான் ஓட வேண்டும்.

சென்ற மாதம் அவ்வண்டி நடுவீதியில் மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் அவர் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புதிய பிளக் வாங்கிப் பூட்டினார். நான்காம் முறை பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை. வண்டி மீண்டும் நின்றது. பிள்ளைகள் நடந்து போனார்கள். இரண்டு வீட்டார் வேறு வண்டி பேசிவிட்டார்கள்.

அன்று மாலை அவரோடு நாமும் கராஜுக்குப் போயிருந்தோம். பாஸ் பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை வீசாதீங்கண்ணே. உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு இதுதானே சொல்லுது,” என்றார். நாம் வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பாடத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்!

ஈரடிப்பு எஞ்சினில் பிளக்கின் பாடு பெரும்பாடு. நாலடிப்பு எஞ்சின் இரண்டு முறை சுழன்றால் ஒரு தடவை பொறி வேண்டும். ஈரடிப்பிலோ ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 4,000 சுழற்சி என்றால் 4,000 பொறிகள். போதாக்குறைக்கு, பெற்றோலுடன் கலந்த எண்ணெயும் அதே அறையிலேயே எரிகிறது. எரியாது எஞ்சுவது பிளக்கின் முனையிலே கரியாகப் படிகிறது. அந்த முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் சூட்டை எட்டினால் கரியைத் தானே எரித்துத் துப்புரவாக்கிக் கொள்ளும். சூடு 850 பாகையைத் தாண்டினாலோ, பொறி வருமுன்னரே சூடான முனை பெற்றோல் கலவையைப் பற்ற வைத்துவிடும். இவ்விரண்டு எல்லைக்கும் நடுவே நிற்கும் பிளக்கே அந்த எஞ்சினுக்கு உகந்தது.

நிற்கிறதா என்பதை நிறம் சொல்லும். வெள்ளைப் பீங்கான் முனை பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் யாவும் நலம். கறுத்து ஈரமாய் இருந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது பொறி பலவீனம். கறுத்து உலர்ந்த கரியென்றால் பெற்றோல் மிகுதி. காற்று வடிகட்டி அடைபட்டும் இருக்கலாம். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் அஞ்ச வேண்டும்: எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடுகிறது.

தெரிவு செய்வதில் ஒரு பொறி இருக்கிறது, தீப்பொறியன்று, எலிப்பொறி! பிளக்கின் மேலுள்ள எண் அதன் வெப்பத் தரத்தைக் குறிக்கும். உள்ளே பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் எளிதில் வெளியேறாது. அது சூட்டுப் பிளக். குறுகியிருந்தால் குளிர்ப் பிளக். ஜப்பானிய என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி. ஜெர்மானிய பொஷ் பிளக்குகளிலோ எண் கூடக் கூடச் சூடு. ஆக, ஒன்றின் 8 மற்றதன் 8 ஆகாது. இதை அறியாமல் வாலிப வயதில் நாம் எமது பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கம்பனியின் 8க்குப் பதிலாக வேறொரு கம்பனியின் 8ஐ வாங்கிப் பூட்டி, நீர்கொழும்பு வீதியில் முழு வேகத்தில் ஓடினோம். ஜா-எலை தாண்டவில்லை; பிஸ்டனின் தலையில் ஓட்டை. தவறு எம்முடையதே. கடைக்காரரிடம் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டவர்கள் நாம்தாம்.

மரையின் நீளமும் அவ்வாறே. 12.7 மில்லிமீற்றர் மரையுள்ள இடத்தில் 19 மில்லிமீற்றர் பிளக்கை ஏற்றினால் பிஸ்டன் அதன் மேல் மோதும். பழையதையும் புதியதையும் அருகருகே பிடித்துப் பார்த்தல் நன்று.

பூட்டும் முறைக்கு அவசரம் ஆகாது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிவிட வேண்டும். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி கைநூலில் கண்டபடி இருக்க வேண்டும். பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பீலர் கேஜ் தகடு இலேசாக உரசிச் செல்ல வேண்டும். வெளிமுனையை மட்டுமே வளைக்கலாம். நடு முனையில் நெம்பினால் பீங்கான் வெடிக்கும். பின்பு விரலாலேயே இறுதிவரை திருக வேண்டும். தலை அலுமினியம் ஆதலால், கோணலாக ஏறிய பிளக்கைச் சாவி போட்டு முறுக்கினால் மரை போய்விடும். வளையம் அமர்ந்த பிறகு, புதிய பிளக்குக்குச் சாவியால் அரைச் சுற்றுப் போதும்.

முகத்துவாரத்து மீனவர்களுக்கு இவையெல்லாம் யாரும் கற்பித்துத் தெரிய வேண்டியதில்லை. அவர்களது சிறு படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடும் ஈரடிப்பு வகையின. பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வந்து நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்புவார்கள். இல்லாவிட்டால் மறுநாள் விடியற்காலையில் கரி பிடித்த பிளக்கோடு போராட வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, எரியாமல் கரியாய்ப் போகும் ஒவ்வொரு துளியும் அவர்களுக்கு நட்டமாயிற்று. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் தள்ளிவிட யார் வருவார்?

எமது அயலவரின் பிளக் கறுத்து ஈரமாயிருந்தது. விசாரித்ததில், அவர் எண்ணெயைக் கண்மதிப்பாக ஊற்றி வந்தது தெரிந்தது. புகை வந்தால் எஞ்சினுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்! அவ்வண்டிக்கு வேண்டியது 2 சதவீதம். அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். எண்ணெயை அதற்கும் குறைத்தால் பிஸ்டன் இறுகிவிடும் என்பதையும் பாஸ் சொல்லி அனுப்பினார்.

இப்போது பிள்ளையின் இருமல் மருந்துப் போத்தலோடு வந்த அளவுக் கிண்ணம் ஒன்று அவரது வண்டியில் தொங்குகிறது. வேறு வண்டி பேசிய இரு வீட்டாரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். முன்பு கழற்றி எறிந்த மூன்று பிளக்குகளையும் அவர் மனைவி பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். பெற்றோலில் கழுவி, மென்தூரிகையால் துடைத்து, இடைவெளி பார்த்ததில் இரண்டு நன்றாகப் பொறி விடுகின்றன.