தேளி வளரும் குட்டை

இண்டூரைச் சேர்ந்த என் பெரியப்பாவின் கொல்லையில், ராகியும் நிலக்கடலையும் மாறி மாறி விளைகின்ற அந்தச் செம்மண் சரிவின் அடிவாரத்தில், ஏறக்குறைய பத்து சென்ட் பரப்புள்ள பண்ணைக்குட்டை ஒன்று இருக்கிறது. பொழுது சாய்கிற வேளையில் அதன் கரையில் ஓசையின்றி உட்கார்ந்திருப்பவர்கள், கலங்கிய ஜலத்தின் மேல் திடீரென்று ஒரு வட்டம் விரிவதையும், அதன் நடுவே மீசை முளைத்த கரிய வாய் ஒன்று ஒரு கணம் தோன்றிக் காற்றைக் கவ்விக்கொண்டு அப்படியே மூழ்கிப்போவதையும், பின்னர் அவ்விடத்தில் இரண்டொரு குமிழிகள் எழுவதையும் காணலாம். இரை தேடி வந்த செயல் அன்று அது. மீன் மூச்சு வாங்கிவிட்டுப் போகிறது. அந்த ஒரு வாய்க் காற்றின் காரணத்தை நன்றாக விளங்கிக்கொண்டவர்க்குக் கெளுத்தி வளர்ப்பின் பாதி வித்தை கைவந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். அதைப் பாதி மட்டும் விளங்கிக்கொண்டவர்கள் நஷ்டப்பட்டதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் இண்டூர். காவிரி கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும், பள்ளத்தில் ஓடும் அந்த நதியின் ஜலம் மேட்டுக் கொல்லைகளுக்கு ஏறி வருவதில்லை. மழை எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான். ஆடி ஆவணியில் தொடங்கி ஐப்பசி கார்த்திகை வரையில் விட்டு விட்டுப் பெய்கின்ற மழையில் நிறைகிற குட்டை, மாசி பங்குனியில் அடி மண்ணைக் காட்டத் தொடங்கிவிடும். கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனங்களுக்கோ ஓராண்டு காலம் ஆழமான ஜலம் வேண்டும். வாயு நிறைந்த தெளிந்த ஜலமாகவும் அது இருத்தல் வேண்டும். ஆறேழு மாதமே ஜலம் தங்கி, அதுவும் வரவர வற்றிச் சேறாகிப் போகிற இத்தகைய குட்டைகளுக்கு இயற்கையே ஆக்கி வைத்த மீன் ஒன்று உண்டென்றால், அது நம் நாட்டுத் தேளியும் அதன் உறவான மாகூரும்தான்.

பழந்தமிழில் கெளிறு என்று வழங்கிய கெளுத்திக் குடும்பம் இது. செதில் இல்லாத வழவழப்பான உடலும், வாயைச் சுற்றி எட்டு மீசைகளும் இந்த இரண்டுக்கும் பொது. வங்காளப் பெயரான மாகூர் என்பதையே மீன்வளத் துறையினர் இங்கும் வழங்குகிறார்கள். மசறி என்று சொல்லும் ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. தேளியின் கதையில் தமிழ் மண்ணுக்குத் தனிப்பட்ட உரிமையே இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த பாதிரியாராக இருந்த ஜான் என்பவர், நம் கடற்கரையிலும் குளங்களிலும் அகப்பட்ட மீன்களைப் பதப்படுத்தி பெர்லின் நகரத்து வைத்தியரான பிளாக்கிற்கு அனுப்பி வந்தார். 1794 ஆம் ஆண்டில் பிளாக் தேளியை வர்ணித்து சாஸ்திரப் பெயர் சூட்டியது தரங்கம்பாடி மீனைக் கொண்டுதான்.

இனி மூச்சின் கதைக்கு வருவோம். 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் ஜலத்தில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு ஏழரை மில்லிகிராம் அளவே. நாம் சுவாசிக்கும் காற்றிலோ ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அந்த ஏழரையும் எப்பொழுதும் கிடைப்பதன்று. பகலில் பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்கும். இரவு முழுவதும் அதே பாசியும், சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும், மீன்களும் சேர்ந்து அதைச் செலவழித்துவிடுவதால், கோழி கூவுகிற நேரத்தில் குட்டை ஏறக்குறைய வறிதாகிக் கிடக்கும். கெண்டை மீன்கள் விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதப்பதும், சில நாள் செத்தே மிதப்பதும் இதனால்தான்.

தேளிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதன் செவுள் அறையிலிருந்து நீண்ட பைகள் இரண்டு, முதுகெலும்பின் இரு மருங்கிலும் தசைகளுக்கு நடுவே, வாலை நோக்கி வெகு தூரம் ஓடுகின்றன. வாயினால் கவ்விய காற்று அந்தப் பைகளில் போய்த் தங்க, அவற்றின் சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மாகூரின் அமைப்பு வேறு: செவுள்களுக்கு மேலே, பவழக்கொடி போலக் கிளைத்த செந்நிறப் பூங்கொத்து ஒன்று அதற்கு உண்டு. மாகூரின் தலையை அறுத்து, செவுள் மூடியைத் தூக்கி அந்தக் கொத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த உறுப்புகளின் உதவியினால் சேறும் சகதியுமான ஜலத்திலும் இவை பிழைத்திருக்கின்றன. ஈரம் உள்ளவரையில் மழை இரவுகளில் தரையின்மேல் நெளிந்து அடுத்த குளத்துக்கும் போய்விடுகின்றன.

ஆனால் காற்றுக்காக மேலே வருவது இலவசமான காரியமன்று. ஒவ்வொரு பயணத்துக்கும் மீன் தன் பலத்தைச் செலவிட வேண்டும். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்று விளங்கிய டி. ஜே. பாண்டியனும் அவருடைய மாணாக்கர்களும் 1970களில் இதை நுணுகி ஆராய்ந்தார்கள். காற்றைச் சுவாசிக்கும் மற்றொரு மீனாகிய விராலைப் பல்வேறு உயரமுள்ள ஜலத்தில் விட்டு, ஒரு நாளைக்கு அது எத்தனை முறை மேலே வருகிறது, எவ்வளவு தூரம் நீந்துகிறது, உண்ட தீனியில் எவ்வளவு உடலாகிறது என்பனவற்றையெல்லாம் அளந்து பார்த்தபொழுது, ஜலம் ஆழமாக ஆக, உண்டதில் பெரும்பகுதி ஏறி இறங்குவதிலேயே கரைந்துபோய் வளர்ச்சி குறைவதைக் கண்டார்கள். தேளியைப் பற்றியும் அவர்கள் இத்தகைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். எனவே ஆழமான குட்டைதான் நல்ல குட்டை என்று பணத்தைக் கொட்டித் தோண்டுவது இந்த மீன்களின் விஷயத்தில் வீண். மூன்றடியிலிருந்து நான்கடி ஜலம் போதும். நம் சரிவு நிலக் குட்டைகளுக்கு இதைவிட அனுகூலமான செய்தி வேறென்ன இருக்கிறது?

செம்மண்ணில் கசிவு அதிகமாதலால், அடியில் ஏரி வண்டலையோ களிமண்ணையோ அரையடி கனத்துக்குப் பரப்பி மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு நைலான் வலை கட்டி, அதன் அடியை மண்ணில் புதைத்துவிடுதல் அவசியம். இல்லையேல் முதல் பெருமழை இரவிலேயே பாதி மீன் யாத்திரை புறப்பட்டுவிடும். சதுர மீட்டருக்கு ஐந்து குஞ்சு என்ற கணக்கில் பத்து சென்ட் குட்டைக்கு 2,000 விடலாம்; அதற்கு மேல் ஆசைப்படலாகாது. குஞ்சுகள் எல்லாம் ஒரே அளவினவாக இருக்கவேண்டும் என்பதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பெரியது சிறியதை விழுங்கிவிடும் இனம் இது. வாங்கி வந்த பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு, பொழுது சாய்ந்த நேரத்தில் விடுவது நலம்.

கண்ணை நம்பி வாழும் மீன் அல்ல இது. மீசையில் மாத்திரமன்றி மேல் தோல் முழுவதிலுமே சுவையறியும் மொட்டுகள் அமைந்திருப்பதால், உடம்பே நாக்காக இருட்டில் திரிந்து இரை தேடும். ஆகவே தீனியில் பெரும்பங்கை அந்தி வேளையில் வைக்க வேண்டும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து பிசைந்த உருண்டைகளை மூங்கில் தட்டில் வைத்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பெரியப்பாவின் வழக்கம். மீன் ஒன்றுக்குச் சராசரி ஐம்பது கிராம் எடை வந்துவிட்டதென்றால், 2,000 மீனின் பாரம் 100 கிலோ. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது நாளொன்றுக்கு 3 கிலோ தீனி. மறுநாள் காலையில் தட்டைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் அன்றைக்கே குறைத்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதியைத்தான் முதல் வருஷம் எங்கள் வீட்டில் அலட்சியம் செய்தோம். "சேத்துலயே பொழைக்கிற மீனு, தம்பி. இதுக்குப் போயி தண்ணி மாத்துவாங்களா?" என்று பெரியப்பா கேட்டார், நானும் மறுத்துச் சொல்லவில்லை. பெருக்கட்டும் என்ற ஆசையில் தீனியை இரட்டிப்பாக்கினோம். குட்டை பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது. புரட்டாசி மாதத்து வெயில் நாளொன்றின் பிற்பகலில், காற்றைக் குடித்து வாழும் அந்த மீன்கள், தலைக்கு மேல் இவ்வளவு காற்று இருந்தும், நூற்றுக்கணக்கில் மல்லாந்து மிதந்தன.

காரணம் இது. தேளி பிராணவாயுவை வெளிக்காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கழிவைக் கொட்டுவதற்கு அதற்கு ஜலத்தை விட்டால் வேறு இடமில்லை. உண்ட புரதத்தின் கழிவாகிய அம்மோனியாவைச் செவுளின் வழியாக ஜலத்திலேதான் விட்டாக வேண்டும். அழுகுகின்ற தீனியிலிருந்தும் அதே அம்மோனியா வந்து சேருகிறது. ஜலத்தில் அம்மோனியா இரண்டு ரூபங்களில் இருக்கும். ஒன்று பெரும்பாலும் தீங்கற்றது, மற்றது கொடிய விஷம். 30 பாகை வெப்பத்தில், ஜலத்தின் காரநிலை பி.எச். 7 ஆக இருந்தால் நூறில் ஒரு பங்குகூட விஷ ரூபத்தில் இராது, பி.எச். 9 ஆகிவிட்டாலோ நூறில் நாற்பது பங்குக்கு மேல் விஷமாகிவிடும். பாசி மண்டிய குட்டையில், பகல் முழுவதும் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், பிற்பகலில் பி.எச். ஏறி உச்சத்தை அடைகிறது. கெண்டை வளர்ப்பவர் விடியற்காலையைக் கண்டு அஞ்ச வேண்டும். தேளி வளர்ப்பவர் நடுப்பகலுக்கு மேல் உள்ள பொழுதைக் கண்டு அஞ்ச வேண்டும். ஜலத்தில் கால் பங்கை இறைத்து வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சிவிட்டுப் புது ஜலம் விடுவதும், மேகமூட்டமான நாளிலும் பாசி கனத்த நாளிலும் தீனியை அடியோடு நிறுத்துவதுமே பரிகாரம். இறைத்த ஜலம் வீண்போவதில்லை. அதைக் குடித்த வாழை எங்கள் கொல்லையில் எப்படித் தழைத்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குஞ்சு வாங்குகிற இடத்தில்தான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது; இதைப் பற்றி நான் மனம் நொந்தே எழுதுகிறேன். மாகூருக்கு ஹாமில்டன் என்ற வைத்தியர் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் பெயர் சூட்டிய 1822 ஆம் ஆண்டிலேயே, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பர்ச்செல் என்ற யாத்திரிகர் இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு கெளுத்தியை வர்ணித்தார். ஏறக்குறைய 170 வருஷங்களுக்குப் பிறகு அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி அனுமதியின்றி இந்தியாவுக்குள் புகுந்துவிட்டது. நம் மாகூர் 100 கிராமை எட்டுவதற்கு ஏழெட்டு மாதம் பிடிக்கும். அதுவோ அதே காலத்தில் ஒரு கிலோவையும் தாண்டும். மீன், தவளை, புழு, கோழிக் கழிவு எதுவாயினும் விழுங்கும். நாட்டு மாகூர் சில ஆயிரம் முட்டைகளே இடும்போது, அது பல்லாயிரக்கணக்கில் இடும். இந்தக் காரணங்களை முன்னிட்டு மத்திய அரசாங்கம் 1997இல் அதன் வளர்ப்பைத் தடை செய்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தடையை வலியுறுத்தியது. அப்படியிருந்தும் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் அதிகாரிகள் அத்தகைய குளங்களைக் கண்டுபிடித்து அழித்த செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

விரலளவுக் குஞ்சாக இருக்கும்பொழுது நாட்டுக் கெளுத்தியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் பழகாத கண் பிரித்தறிவது கடினம். வேகமாக வளரும் என்று ஆசை காட்டி விற்கிற குஞ்சு எதுவானாலும் சந்தேகிப்பதே புத்திசாலித்தனம். என் குட்டைதானே, என் கரைக்குள்தானே என்று சொல்வதற்கும் இல்லை. இந்தப் பக்கத்து ஓடைகள் கூடுகிற நாகாவதி, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் போய்க் கலக்கிறது. ஒரு மழை இரவில் வேலியைத் தாண்டிய ஒரு ஜோடி, ஓடை வழியே காவிரியை அடைந்துவிடுமானால், அங்கே ஏற்கெனவே அழிவின் விளிம்பில் நிற்கிற காவிரியின் திமில் முதுகுக் கெண்டைக்கும், நம் சொந்தக் கெளுத்திகளுக்கும் அது எமனாக வந்து வாய்க்கும். ஆதலால் குஞ்சுகளை மீன்வளத் துறையின் ஆலோசனை பெற்றே வாங்க வேண்டும். நமக்குச் சமீபத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இருக்கிறது. போய்க் கேட்பவர்க்கு வழி கிடைக்கும்.

வருமானக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விட்ட 2,000 குஞ்சில் பத்துக்கு ஏழு பிழைத்து, தலைக்கு 100 கிராம் தேறினால் 140 கிலோ மீன். மாளிகை கட்டித் தரும் வரும்படி அன்று; ஆனால் ராகி விதைக்கிற கொல்லையின் ஒரு மூலையில், மழை தந்த ஜலத்தில், உயிரோடே சந்தைக்குப் போய்க் கெடாமல் நிற்கிற சரக்கு அது. ஈரச் சாக்கு போட்ட கூடையில் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும் மீனுக்கு ஐஸ் செலவு ஏது?

அறுவடை தை மாதத்தில். வலை போட்டால் தேளி சிக்காது. அடிச் சேற்றில் புதைந்துகொள்ளும். எஞ்சிய ஜலத்தையெல்லாம் இறைத்துவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கிக் கையாலேயே துழாவ வேண்டும். தேளியின் மார்புத் துடுப்பில் இரு புறமும் விஷ முள் உண்டு. தேள் கொட்டினாற்போலக் கடுப்பதனால்தான் அந்தப் பெயரோ என்று தோன்றும். அந்த விஷம் சூட்டில் சிதைந்துவிடுகிற புரதமாதலால், குத்துப்பட்ட கையைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்திருந்தால் வலி இறங்கும். பிறகு வைத்தியரிடம் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சென்ற தையில் நாங்கள் இறைக்கத் தொடங்குவதற்கு முன்பே பெரியம்மா கரையில் மூன்று கல் கூட்டி, அண்டாவில் வெந்நீரைக் காய வைத்துவிட்டு, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "கழுத்தோட சேத்துப் புடிடா, வாலப் புடிக்காத" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கட்டைவிரல் அந்த வெந்நீருக்குப் போய்ச் சேர்ந்தது.