குடியை விட்டாச்சு, அடுத்து? மீண்டவரே துணை!

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு." உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. உடம்பிலிருந்து போதை இறங்கச் சில நாட்கள் போதும். அதற்குப் பின் வரும் மாதங்கள்தான் கடினமானவை. அப்போது கூட நிற்பது யார்?

இதுவும் நோய்தான்

மனச்சோர்வு, பயம், தூக்கமின்மை தாங்காமல் குடிப்பவர்கள் உண்டு. குடித்துக் குடித்தே இவற்றில் விழுந்தவர்களும் உண்டு. அதனால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை வேண்டும். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது மற்றும் போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது அவர்கள் கடமை.

சக துணை என்றால் என்ன?

அதே துன்பத்தைக் கடந்து வந்த ஒருவர், இப்போது கடந்துகொண்டிருப்பவருக்குத் துணை நிற்பதே சக துணை. 1935இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் சந்தித்ததில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). இன்று தமிழ்நாட்டிலும் இதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது; முழுப்பெயர் சொல்ல வேண்டாம்; குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனிக் குழு உண்டு.

கிராமத்துக்கு இது சரிவருமா? சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989 முதல் திருவாரூர் பகுதியின் மஞ்சக்குடியில் குடிநோய் சிகிச்சை முகாம்களை நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் சிகிச்சையே ஊருக்குப் போனது, ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள்.

எங்கே உதவும்?

சம்பள நாள் சாயங்காலம், திருவிழா, கல்யாணம், சாவு வீடு... கால் தடுமாறும் இடங்கள் இவை. "இன்னைக்கு மனசு அலைபாயுதுண்ணே" என்று போன் செய்ய ஒருவர் இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். மறுபடி குடித்துவிட்டாலும் ஒளிக்காமல் அன்றே அவரிடம் சொல்லலாம். மனநோய்க்கும் இப்படித்தான். "மாத்திரை போட்டா தூக்கமா வருது, விட்டுடலாமா?" என்று கேட்டால், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்பார் அதே அனுபவம் உள்ளவர்.

கவனம் தேவை

• தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், உயிராபத்துகூட வரலாம். டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வலிப்பு வந்தால் உடனே 108.
• அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீங்க. அதன் மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.
• தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன், மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று கேளுங்க. அடிப்பது, கட்டிப்போடுவது சிகிச்சை ஆகாது.
• சக துணை, சிகிச்சையோடு சேர்ந்த துணை. மருந்துக்கு மாற்று அல்ல.

இன்றே செய்யுங்க

1. டெலி மானஸ் 14416: மனநல ஆலோசனை, 24 மணி நேரமும், தமிழிலும். கட்டணமில்லை. பாதிக்கப்பட்டவர் பேச மறுத்தாலும் வீட்டார் பேசலாம்.
2. 14446: போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண்.
3. 104: தமிழ்நாடு அரசின் மருத்துவத் தகவல் மையம். பக்கத்தில் மனநல மருத்துவர் எங்கே, எந்த நாளில் பார்க்கிறார் என்று கேளுங்க. போதை மீட்புக்காக 2025இல் தொடங்கிய 25 'கலங்கரை' மையங்களில் அருகில் இருப்பது எது என்றும் கேளுங்க.
4. உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கு நேரில் போனால், மாவட்ட மனநலத் திட்டத்தின் உதவியை எப்படிப் பெறுவது என்று விசாரியுங்க.
5. டாக்டரைப் பார்க்கும்போது, "பக்கத்துல ஏ.ஏ. கூட்டமோ மீண்டவர்கள் குழுவோ இருக்கா?" என்ற கேள்வியை மறக்காதீங்க.

இந்த எண்களைக் கைபேசியில் பதிந்து வையுங்க. நீங்களே மீண்டவர் என்றால், அடுத்தவர் அழைக்கக்கூடிய ஓர் எண்ணாக உங்கள் எண்ணும் இருக்கட்டும்.