ஈரமும் தூசியும் நுழையும் இடத்துக்கு எந்த டைமர்?

நூற்பாலையின் பெரிய மோட்டார்கள் முதலில் ஸ்டார் இணைப்பில் கிளம்பி, சில விநாடிகளில் டெல்டாவுக்கு மாறுகின்றன. எப்போது மாறுவது என்பதைப் பேனலுக்குள் இருக்கும் சிறிய எலெக்ட்ரானிக் டைமர் தீர்மானிக்கிறது. நூல் அறாமலிருக்க ஆலைக் காற்றில் ஈரம் வேண்டுமென்றே ஏற்றப்படுகிறது. பஞ்சுத்தூசிக்கோ பஞ்சமே இல்லை. உலர்ந்த தூசி மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. ஈரம் ஏறிய தூசி கடத்தும். கடலோரத் தூசியில் கலந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீர்த்துவிடும்.

மலிவான டைமர்களில் மின்தடை வழியாகக் கெபாசிட்டர் நிரம்ப ஆகும் நேரம்தான் கணக்கு. பழைய 555 சிப்புடன் 1 மெகா ஓம் மின்தடையும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்தால் 11 விநாடி. மின்தடையின் கால்களுக்கிடையே 10 மெகா ஓம் அளவுக்கு ஈரப்படலம் படிந்தால் அது 10 விநாடியாகக் குறையும். இதுகூடப் பரவாயில்லை. கெபாசிட்டரின் குறுக்கே 2 மெகா ஓமோ அதற்கும் குறைவாகவோ கசிவு ஏற்பட்டால், சிப் எதிர்பார்க்கும் மூன்றில் இரண்டு பங்கு மின்னழுத்தம் வரவே வராது. மோட்டார் ஸ்டாரிலேயே சுமையை இழுத்துச் சூடேறும்.

ஆகவே இத்தகைய இடங்களில் மெகா ஓம் மின்தடையை நம்பும் டைமரைத் தவிர்ப்பதே நல்லது. 4060 போன்ற சிப், வேகமான துடிப்பை 16,384 ஆல் வகுத்து நீண்ட நேரத்தை உண்டாக்குகிறது. அதற்குக் கிலோ ஓம் மின்தடையும் சிறிய கெபாசிட்டருமே போதும். கசிவு அவற்றை எளிதில் அசைக்காது.

நாள் முழுதும் மணி காட்ட வேண்டிய டைமருக்கு 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும். கிரிஸ்டல் உலோகக் கூட்டுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அதை இயக்கும் மின்னோட்டம் மிக அற்பம் என்பதால், அதன் கால்களருகே போர்டில் ஈரம் படிந்தாலே துடிப்பு நின்றுபோகலாம். கிரிஸ்டலைத் தன்னுள்ளேயே அடக்கிய கடிகாரச் சிப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவாகாது.

நேரத்தைத் திருகி வைக்கும் குமிழ், ரிலே இரண்டும் மூடப்பட்ட வகையாக இருக்க வேண்டும். பெட்டியின் ஐபி எண்ணில் முதல் இலக்கம் 6 என்றால் தூசி புகாது. 5 என்றால் ஓரளவு புகும். எண் எதுவானாலும், ஓடிச் சூடான பெட்டி ஆறும்போது ஈரக்காற்றை உள்ளிழுக்கும். பனித்துளி கட்டாமலிருக்க உள்ளே சிறு ஹீட்டர் வைப்பதுண்டு. போர்டின்மேல் பாதுகாப்புப் பூச்சும் பூசலாம். முதலில் பற்றவைப்புக் கசடைக் கழுவி உலர்த்தாவிட்டால், அது பூச்சின் அடியில் சிக்கி அரிக்கும்.