கொள்ளைநோய்க் காலத்தில் நகரசபையும் கல்விச்சபையும்

கொள்ளைநோய் ஒரு நகரத்தினுள் புகும்போது அதிகாரிகளின் எல்லைகளைக் கேட்டறிந்து புகுவதில்லை. காலையில் பள்ளிக்கூடத்திலும், மாலையில் தெருவிலும், இரவில் வீட்டிலும் இருக்கும் குழந்தையோடு நோயும் அம்மூன்றிடங்களிலும் சஞ்சரிக்கிறது. ஆகையால் தெருவையும் வீட்டையும் காக்கும் நகரசபையும், பள்ளிக்கூடத்தை நடத்தும் கல்விச்சபையும் ஒருமித்து உழைத்தாலன்றிக் குழந்தைகளுக்கு க்ஷேமமில்லை. இதை மறுப்பார் எவருமிலர். ஆனால் அவ்வொற்றுமை எப்போது உண்டாக வேண்டும்? நோய் வந்த பின்னரா, வருவதற்கு முன்னரா? அமெரிக்க நகரங்கள் இரண்டின் சரித்திரம் இக்கேள்விக்குத் தக்க விடை தருகின்றது.

முதலாவது நியூயார்க். 1918-ஆம் வருஷத்தில் இன்புளூயன்ஸா என்னும் விஷஜுரம் உலகெங்கும் பரவியபோது அமெரிக்காவின் பெரும்பான்மையான நகரங்கள் பள்ளிக்கூடங்களை மூடின. நியூயார்க்கின் சுகாதாரக் கமிஷனர் ராயல் கோப்லண்ட் மூடவில்லை. அந்நகரத்தில் பள்ளிச் சிறுவர் ஏறக்குறைய பத்து லக்ஷம் பேர். அவர்களில் பெரும்பாலோர் காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். அவர்களை அவ்வீடுகளிலும் தெருக்களிலும் விடுவதைவிட, வைத்தியரின் கண்பார்வையில் விசாலமான வகுப்புகளில் வைப்பதே நலம் என்பது அவர் கட்சி. பிள்ளைகள் வெளியே கூட்டங்கூடாமல் நேரே வகுப்புக்குச் செல்ல வேண்டும். உபாத்தியாயர் ஒவ்வொருவரையும் கவனிக்க வேண்டும். நோய்க்குறி கண்டால் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். சுகாதார இலாகா அப்பிள்ளையின் வீட்டு நிலைமையையும் விசாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோய் நியூயார்க்கையும் விட்டுவைக்கவில்லை. 20,000 பேருக்கு மேல் அங்கு மாண்டனர். ஆயினும் ஜனத்தொகைக்குத் தக்க மரண விகிதம் பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களில் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. இதற்குப் பள்ளிக்கூடம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. அத்தகைய துணிவு ஓர் அதிகாரிக்கு ஒரே இரவில் எங்கிருந்து வந்தது? ஒரே இரவில் வரவில்லை. 1897-லேயே அந்நகரத்துச் சுகாதார இலாகா பள்ளிக்கூடங்களுக்கு வைத்தியப் பரிசோதகரை அனுப்பத் தொடங்கிவிட்டது. அவர்கள் நோயுற்ற பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பினார்களேயன்றி, அதன்பின் அப்பிள்ளைகளைக் கவனிப்பாரில்லை. 1902-ல் லீனா ராஜர்ஸ் என்னும் தாதி நான்கு பள்ளிக்கூடங்களில் பரீக்ஷார்த்தமாக நியமிக்கப்பட்டார். சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டு, வீடு சென்று தாய்மார்க்கும் போதித்தார். அம்முறை நகரெங்கும் விரிந்தது. 1902 செப்டம்பரில் நோயினால் வீட்டுக்குத் திருப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். மறு வருஷம் அதே மாதத்தில் 1,101 பேர். 1908-ல் டாக்டர் ஜோஸபின் பேக்கரின் தலைமையில் குழந்தைகளின் சுகாதாரத்துக்கென்றே ஒரு தனிப் பிரிவும் ஏற்பட்டது. ஆகவே 1918-ல் விஷஜுரம் வந்தபோது தாதியும் உபாத்தியாயரும் ஒருவர்க்கொருவர் புதியவரல்லர். பல வருஷம் ஒரே கூரையின்கீழ் உழைத்தவர்கள்.

நிற்க. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே நகர நிர்வாகம் வேறு, கல்வி ஜில்லா வேறு. பள்ளிக்கூடங்களை ஆள்வது ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் எழுவர் கொண்ட சபை. மேயருக்கு ஒரு வகுப்பறையைத் திறக்கவும் அதிகாரமில்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. நோயை அடக்குவதில் அந்நகரம் பிற பெருநகரங்களுக்குப் பின்தங்கியதன்று. செப்டம்பரில் நகர நிர்வாகம் ஏழைக் குழந்தைகளுக்காக நூலகங்களிலும் விளையாட்டு நிலையங்களிலும் கற்குமிடங்களைத் திறந்தது. அவ்விலையுதிர் காலத்தில் தனியார் பள்ளிகள் பல அனுமதி பெற்றுத் திறந்தன. பொதுப் பள்ளிகளின் கதவோ பூட்டியே கிடந்தது. நூலகத்தில் கூடலாம், பள்ளியில் கூடலாகாது என்றால் பெற்றோர் எதை நம்புவர்?

2021 ஜனவரியில் அக்கல்விச்சபை 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானித்தது. பிப்ரவரியில் நகரத்தின் வக்கீல் அதே நகரத்துக் கல்வி ஜில்லாவின்மீது பள்ளிகளைத் திறக்கும்படி வழக்குத் தொடுத்தார்! ஒரே ஜனங்களின் வரிப்பணத்தில் வாழும் இரு ஸ்தாபனங்கள், அந்த ஜனங்களின் குழந்தைகளுக்காக நியாயஸ்தலத்தில் எதிரெதிரே நின்றன. ஏப்ரலில்தான் சிறு குழந்தைகளின் வகுப்புகள் திறக்கத் தொடங்கின. 2022 பிப்ரவரியில் வாக்காளர்கள் சபையின் அங்கத்தினர் மூவரைப் பதவியினின்று திருப்பி அழைத்தனர்.

பள்ளிகளை மூடியதே தவறு என்பது நம் வாதமன்று. உபாத்தியாயரின் உயிரச்சம் நியாயமானது. நோய்க்கு நோய் தன்மை வேறு. கல்வி சுதந்திரமாயிருக்க வேண்டுமென்று தனிச்சபை வைப்பதிலும் நியாயமுண்டு. ஆனால் சுதந்திரம் வேறு, தொடர்பின்மை வேறு. திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பவர் யார்? வைத்தியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொடுப்பவர் யார்? மூடினால் ஏழைக் குழந்தைக்கு உணவும் இடமும் அளிப்பவர் யார்? இம்மூன்றும் ஆரோக்கிய காலத்திலேயே எழுத்து மூலம் உடன்படிக்கையாக வேண்டும். அவ்வுடன்படிக்கையும் காகிதத்தில் உறங்காமல், தாதியின் தினசரி வருகையாகப் பள்ளிக்கூடத்தில் நடமாட வேண்டும்.

வீடு பற்றி எரியும்போது கிணறு தோண்டுவாரை உலகம் நகைக்கும். நோய் வந்தபின் ஒற்றுமை தேடும் சபைகளும் அதைத்தான் செய்கின்றன. அதனால் வரும் நஷ்டத்தைச் சுமப்பவரோ வாக்குரிமையில்லாத குழந்தைகள். வாக்குரிமையுள்ள நாம் அவர்களுக்காக இன்றே கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.