குப்பையின் கதை – 9: மூன்று செங்கல், ஒரு தட்டு

சென்ற வாரம் குப்பைக் கிடங்கின் வாசலில் நின்றோம். இந்த வாரம் திருவனந்தபுரம் போவோம், ஆற்றுக்கால் பகவதி கோயிலுக்கு.

அவள் நமக்கு அந்நியமானவள் அல்ல. மதுரையை எரித்துவிட்டு மேற்கே நடந்த கண்ணகி அங்கே தங்கினாள் என்பது கோயில் ஐதிகம். மாசியில் பூர நட்சத்திரத்தன்று கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குத் தெருவெல்லாம் அடுப்பு. 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. நம் குமரி மாவட்டத்துப் பெண்களும் அதில் உண்டு. மூன்று செங்கல், ஒரு மண்பானை, அரிசி, வெல்லம், தேங்காய், எரிக்கக் கொஞ்சம் ஓலை. ஒருத்திக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஓலை சாம்பலாகிவிடும். பானையும் பொங்கலும் வீடு போய்ச் சேரும். அப்படியானால் முன்பெல்லாம் சாயங்காலம் தெருவில் மலையாகக் கிடந்த குப்பை யாருடையது? வெயிலில் காத்திருக்கும் பெண்களுக்குத் தண்ணீரும் மோரும் சோறும் கொடுத்தவர்களுடையது. நல்ல மனதோடு செய்த உபசாரத்தின் கப்பும் தட்டும் பாட்டிலும்தான் ஊரை நிறைத்தன. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அந்த நகரம் மாறியதற்குப் பின்னால் ஒரு நெருக்கடி உண்டு. ஊர்க் குப்பையெல்லாம் விளப்பில்சாலை கிராமத்திலிருந்த குப்பை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றம் தாளாமல் போராடிய அந்தக் கிராமத்தார் 2011 டிசம்பரில் ஆலையையே மூடவைத்தார்கள். கொட்ட இடமில்லை என்றான பிறகுதான், குப்பையை உண்டாக்காமலே விழா நடத்த முடியுமா என்ற கேள்வி பிறந்தது. 2015-இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில், மாநில அரசின் தூய்மை அமைப்பான சுசித்வ மிஷன் ‘கிரீன் புரோட்டோகால்’ என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. தூக்கிப் போடும் தட்டு, கப் கிடையாது. கழுவிப் புழங்கும் பாத்திரம் மட்டும். பிறகு அது கல்யாண மண்டபங்களுக்கும் ஆற்றுக்கால் பொங்கலுக்கும் வந்தது.

பொங்கலன்று அன்னதானம் செய்கிறவர்கள் முன்கூட்டியே மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். ஸ்டீல் தட்டு, ஸ்டீல் டம்ளரில்தான் கொடுக்க வேண்டும். பக்தர்களும் தங்கள் தட்டையும் டம்ளரையும் கையோடு கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, பேச்சு குப்பை விழுந்த பிறகு தொடங்குவதில்லை, அனுமதி கேட்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதுதான். பெருக்குகிறவர்களின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ‘சுத்தமான விழா’ என்று பெயர் வாங்குவது நியாயமில்லை.

செங்கல்லையும் விடவில்லை. விழா முடிந்ததும் மாநகராட்சி அவற்றைச் சேகரித்து, ‘லைஃப்’ திட்டத்தில் ஏழைகளுக்குக் கட்டும் வீடுகளுக்குத் தருகிறது. பொங்கல் பொங்கிய கல் ஒரு வீட்டுக்குச் சுவராகிறது!

நம் பக்கம் சட்டம் இல்லாமலில்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் ஒன்று. ‘பேப்பர்தானே’ என்று நினைத்து நாம் வாங்கும் கப்பின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் மக்காது. ஆனாலும் நீர்மோர்ப் பந்தல்களில் அதுதான் அடுக்கடுக்காக நிற்கிறது. டம்ளர் கழுவ இரண்டு பேரை உட்காரவைத்தால் தீர்ந்துவிடும் வேலை. அந்த இருவரும் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது தூக்கும் சொம்புமாக வரிசையில் நின்றது நம் வழக்கம்தான். வரும் ஆடியில் கூழ் வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்கு எடுத்துப் போங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு டம்ளர் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)