பொட்டல் வெளியில் ஒரு கீற்றுக் குடில்

கிளியனூரிலிருந்து தென்கிழக்கே சென்றால் மரங்கள் அடர்ந்த ஆரோவில்லைக் காண்பீர்கள். 1968 பிப்ரவரி 28-இல் அதன் தொடக்க விழா நடந்தபோது, அங்கே மழைநீர் அரித்துப்போட்ட செம்மண் பொட்டலே இருந்தது. நிழலுக்கு ஒதுங்கவும் மரம் அரிது.

முதலில் குடியேறியோரில் பலர் வெயிலை எப்படிச் சமாளித்தனர் தெரியுமா? கருங்கல் கால்களின்மேல் சவுக்குக் கழிகளால் சட்டம் கட்டி, தென்னங்கீற்று வேய்ந்த சிறு குடில்களில் வாழ்ந்தனர். நம் ஊர்க் கொட்டகைக்குத் தம்பி எனலாம்!

இராஜஸ்தான் பாலைவனத்தில் கனத்த மண்சுவர் எழுப்புகிறார்களே, இங்கும் அப்படிச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கனத்த சுவர் பகலில் வெப்பத்தை மெல்ல உறிஞ்சி, இரவில் வெளிவிடும். பாலையில் இரவு குளிரும். ஆதலால் அந்த வெப்பம் இதமாயிருக்கும். கடற்கரையை அடுத்த இப்பகுதியிலோ கோடை இரவும் புழுங்கும். சுவரும் அனல் வீசினால் உறக்கம் ஏது? கீற்று வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். உயர்த்திய தரைக்கு அடியிலும் காற்று ஓடும். கல்லைக் கரையான் அரிக்காது.

ஆனால் கீற்று சில ஆண்டுகளில் மக்கிவிடும். தீப்பொறிக்கும் அஞ்ச வேண்டும். மண்ணரிப்பைத் தடுக்கவோ குடிலால் இயலாது. அதற்கு வரப்புகள் கட்டி மழைநீரைத் தேக்கினர். வறட்சி தாங்கும் வேல இன மரங்களை முதலில் நட்டனர். அவற்றின் நிழலில்தான் இம்மண்ணுக்குரிய மரக்கன்றுகள் பிறகு வேர்பிடித்தன.