தீயில்லா அடுப்பு

மதுரைக்கு வடமேற்கே, வைகைக் கரையில் அமைந்த சோழவந்தானை வெற்றிலைக்குப் பெயர்போன ஊராக நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2023 ஆம் ஆண்டில் அவ்வூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பா விடியுமுன்பே கொடிக்காலுக்குப் போய்விட்டார். அம்மாவும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். பள்ளிக்குப் புறப்பட வேண்டிய பிள்ளை, குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேற்றைய சாம்பாரை எவர்சில்வர் கிண்ணத்தோடும் கரண்டியோடும் எடுத்து, மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறது. உடனே படபடவென்று பொறி பறக்கிறது! பிள்ளை பயந்துபோய் நிற்கிறது.

பொறி பறந்தது ஏன்? தீயே இல்லாத இந்த அடுப்பு சாம்பாரை எப்படிச் சூடாக்குகிறது? இவற்றை அறிந்துகொண்டால் பயமும் போகும், ஆபத்தும் நேராது.

அலை செய்யும் வேலை

வானொலி அலை, ஒளி, எக்ஸ் கதிர் ஆகிய அனைத்தும் மின்காந்த அலைகளே. அவற்றின் அலைநீளம்தான் வேறுபடுகிறது. வானொலி அலைக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்டவை நுண்ணலைகள். நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1895 இலேயே கல்கத்தாவில் இத்தகைய அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார்.

இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளுக்காக மாக்னெட்ரான் என்னும் குழாய்கள் பெருமளவில் செய்யப்பட்டன. நுண்ணலைகளை உண்டாக்குபவை இவையே. அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், 1945 இல் இயங்கிக்கொண்டிருந்த ஒரு மாக்னெட்ரான் அருகே நின்றபோது, தம் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டதைக் கண்டார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர் அவர். ஆனால் "இது ஏன்?" என்று கேட்கத் தெரிந்தவர். சோளப்பொரியையும் முட்டையையும் வைத்துச் சோதித்தார். 1947 இல் முதல் மைக்ரோவேவ் அடுப்பு விற்பனைக்கு வந்தது. ஆளுயரத்துக்கு நின்ற அதன் எடை ஏறக்குறைய 340 கிலோ! மேசைமேல் வைக்கும் வீட்டு அடுப்பு 1967 இல் பரவலாக அறிமுகமாயிற்று.

இன்றைய வீட்டு அடுப்பின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அதாவது, அலையின் மின்புலம் வினாடிக்கு 245 கோடி முறை திசைமாறி அலைகிறது. நீர் மூலக்கூறின் ஒரு முனை சற்றே நேர்மின் தன்மையும், மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டது. மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் அதற்கேற்பத் திரும்ப முயல்கிறது. அக்கம்பக்கத்து மூலக்கூறுகளுடன் மோதுகிறது. இந்த நெருக்கடியே வெப்பமாகிறது.

"மைக்ரோவேவ் உள்ளேயிருந்து வெளியே வேகவைக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அலைகள் உணவுக்குள் இரண்டொரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் வலுவிழந்துவிடும். நடுப்பகுதிக்கு வெப்பம் கடத்தல் மூலமாகவே மெல்லச் செல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு தம்ளர் நீர், 200 கிராம் எனக் கொள்வோம். அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.2 ஜூல் தேவை. எனவே 200 × 70 × 4.2 = 58,800 ஜூல். அடுப்பின் திறன் 800 வாட் எனில், 58,800 ÷ 800 = 73.5 வினாடி. பாத்திரமும் சூடாவதால் உண்மையில் இன்னும் சற்று நேரம் ஆகும்.

இதிலிருந்து ஒரு பயன் உண்டு. 1000 வாட் அடுப்பில் 2 நிமிடம் பிடிக்கும் பண்டத்துக்கு, 800 வாட் அடுப்பில் இரண்டரை நிமிடம் வேண்டும். சமையல் குறிப்பில் உள்ள நேரத்தை அப்படியே பின்பற்றாமல், உங்கள் அடுப்பின் திறனைப் பார்த்து மாற்றிக் கொள்ளுங்கள். 800 வாட் என்பது உணவுக்குக் கிடைக்கும் திறன். அடுப்பு மின்கம்பியிலிருந்து ஏறக்குறைய 1200 வாட் இழுக்கும். ஆகவே நில இணைப்புள்ள 16 ஆம்பியர் மூன்றுமுனைச் செருகியில்தான் அதை இணைக்க வேண்டும்.

அப்பளச் சோதனை

பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். அடுப்பினுள் சுழலும் தட்டையும் அதன் அடியிலுள்ள வளையத்தையும் எடுத்துவிடுங்கள். சுழலும் அச்சின்மேல் படாதபடி ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் இரண்டு மூன்று அப்பளங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். அடுப்பை இயக்கிக் கண்ணாடி வழியே கவனியுங்கள். சில இடங்கள் பொரிந்தவுடனே நிறுத்திவிடுங்கள்.

அப்பளம் முழுவதும் ஒரே சீராகப் பொரிந்திருக்காது. சில இடங்கள் வெள்ளையாக உப்பியிருக்கும். சில இடங்கள் பச்சையாகவே இருக்கும். அடுப்பின் உலோகச் சுவர்களில் அலைகள் எதிரொளித்து, ஒன்றோடொன்று சேர்ந்து நிலை அலைகளாகின்றன. வலுவான இடத்தில் அப்பளம் பொரிகிறது. அடுத்தடுத்த இரண்டு பொரிந்த இடங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்தால், ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வரும். இது அலைநீளத்தில் பாதி. 12 சென்டிமீட்டரை 245 கோடியால் பெருக்குங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர்! ஒளியின் வேகத்தை ஓர் அப்பளத்தைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டீர்கள்.

சமையலுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அடுப்பினுள் எல்லா இடமும் ஒரே சூடு அல்ல. தட்டு சுழல்வது அதற்காகவே. அப்படியும் பாதி நேரத்தில் நிறுத்தி, சாம்பாரைக் கிளற வேண்டும். சோற்றைத் தட்டின் நடுவில் குவிக்காமல், நடுவே குழி விட்டு வளையமாகப் பரப்ப வேண்டும். இட்லியின்மீது சிறிது நீர் தெளித்து, தட்டால் லேசாக மூடி வைத்தால் மெத்தென்று ஆகும். சூடாக்கியபின் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விட்டால் வெப்பம் நடுவுக்கும் பரவும். வடையோ முறுகலாகாது. நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவது அரிது. முறுகலுக்கும் தாளிப்புக்கும் பழைய அடுப்பே ஏற்றது.

ஆக்கிய சோற்றை நெடுநேரம் வெளியிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு சூடாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். அதில் வளரும் ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, சூட்டுக்கு அழிவதில்லை. ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே முறை. எடுத்துச் சூடாக்கும்போது உள்வரை ஆவி பறக்க வேண்டும்.

எச்சரிக்கை தேவை

எவர்சில்வர் பாத்திரம் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். உணவு சரியாகச் சூடேறாது. உலோகத்தின் கூர்முனைகளில் மின்புலம் செறிந்து பொறி பறக்கும். பொன்முலாம் பூசிய விளிம்புள்ள தட்டு, அலுமினியத் தாள், கடைப் பொட்டலத்தில் குத்திய சிறு கம்பி ஆகியவையும் கூடாது. வெப்பம் தாங்கும் கண்ணாடி, பீங்கான், மைக்ரோவேவுக்கென்றே குறியிட்ட பாத்திரம் ஆகியவற்றையே பயன்படுத்துங்கள்.

இறுக மூடிய எதையும் வைக்காதீர்கள். ஓடுள்ள முட்டை வெடிக்கும். உருளைக்கிழங்கைத் தோலோடு வைத்தால் முள்கரண்டியால் துளையிடுங்கள். எண்ணெயில் பொரிக்க முயலாதீர்கள்.

வெறும் நீரிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வழவழப்பான கண்ணாடித் தம்ளரில் நீர், குமிழியே தோன்றாமல் 100 டிகிரிக்கு மேலும் சூடேறலாம். அதில் காப்பித்தூளைப் போட்டவுடன் குபீரென்று பொங்கி முகத்தில் தெறிக்கும். இதனால் புண்பட்டோர் பலர். முன்னதாகவே ஒரு மரக்கரண்டியைப் போட்டு வையுங்கள். நேரத்தை மிகாமல் வையுங்கள். அரை நிமிடம் பொறுத்தே எடுங்கள்.

கதிர்வீச்சு பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. நுண்ணலைக்கு, எக்ஸ் கதிரைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் கிடையாது. விளக்கை அணைத்தால் ஒளி நிற்பதுபோல், அடுப்பை நிறுத்தியதும் அலை நின்றுவிடும், உணவில் தங்காது. கதவிலுள்ள உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டரே. 12 சென்டிமீட்டர் அலை அதன் வழியே வெளியேற முடியாது. மிகச் சிறிய அலைநீளமுள்ள ஒளி எளிதில் வரும். ஆனால் கதவு நெளிந்திருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது. பழுதான அடுப்பை நீங்களே திறக்கவும் கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கி உயிரைப் பறிக்கும் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கலாம்.

சரி, சோழவந்தான் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? உடனே அடுப்பை நிறுத்த வேண்டும். உள்ளே தீப்பற்றியிருந்தால் கதவைத் திறக்காமல் சுவரிலுள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். காற்றில்லாமல் தீ தானே அடங்கும். பொறி மட்டும்தான் என்றால், சாம்பாரைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, கரண்டியை வெளியே வைத்துவிட்டு மறுபடி சூடாக்கலாம். இரண்டு நிமிடத்தில் இட்லியும் சாம்பாரும் தயார். பள்ளி மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது!